ஓத வராத பிள்ளையா, ஓதிக் கொடுக்கத் தெரியாத நாமா?



கல்விப் பகுதியில் இந்த முறை, நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். உடலிலோ, புலனிலோ, அறிவு வளர்ச்சியிலோ குறையுள்ள பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது, அதைப்பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன, நம் வீட்டிலும் மதரஸாவிலும் அதில் எதைச் செய்ய முடியும் என்பதே பாடம்.

இதை எழுதத் தூண்டியது நம்மிடம் நடந்த ஒரு தவறு. அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மக்தப் மதரஸாவில் ஒரு பையன் மூன்று வருடமாக ஒரே பாடத்தில் நின்றான். பா, தா, ஸா மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வான். காலையில் சொன்னது மாலையில் இருக்காது. அடித்தும் பார்த்தாகிவிட்டது, கெஞ்சியும் பார்த்தாகிவிட்டது. "இவனுக்குப் படிப்பு ஏறாது, ஏதாவது கடையில் சேர்த்து விடுங்கள்" என்று அவனுடைய அம்மாவை அழைத்துச் சொன்னோம். அத்தா வெளிநாட்டில் இருந்தார். அந்த அம்மா அழவில்லை. "இவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேற வழி இல்லையா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. வேறு வழி ஒன்று இருக்கலாம் என்ற எண்ணமே அதுவரை எங்களுக்கு வந்ததில்லை.

வழி இருக்கிறது. உலகெங்கும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதைத் தேடிச் சோதித்து எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் தாமதமாகத் தெரிந்துகொண்டோம்.

மார்க்கம் காட்டிய முன்மாதிரி

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் அனைவரும் அறிவோம். கண் பார்வை இல்லாத ஸஹாபி. அவர்களைக் காரணமாக வைத்து அருளப்பட்டதே 'அபஸ' என்னும் 80-வது அத்தியாயம். பிலால் (ரலி) அவர்களோடு அவர்களும் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் பயணம் சென்றபோது மதீனாவின் பொறுப்பை அவர்களிடம் விட்டுச் சென்றதும் உண்டு. பொறுப்பும் மரியாதையும் கிடைத்தன, வெறும் பரிதாபம் அல்ல.

"அவனுக்குத்தான் தொழுகை கடமை இல்லையே, பிறகு எதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளைக்குக் கடமை தளர்த்தப்பட்டிருப்பது அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் தந்த சலுகை. கற்பிக்காமல் இருப்பதற்கு நமக்குத் தந்த சலுகை அல்ல.

ஆராய்ச்சி சொல்வது: 1. கற்பிக்கும் முறையை மாற்று

அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர், அறிவு வளர்ச்சி குறைந்த வளரிளம் பருவத்தினருக்கு மிதிவண்டி பிரேக்கை மாட்டிச் சேர்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆய்வு 1972-ல் வெளியானது. முதலில் 15 பாகங்கள் கொண்ட பிரேக், பிறகு 24 பாகங்கள் கொண்டது. படித்தவர்களே திணறும் வேலை அது. இவர்களால் முடியாது என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. பாகங்களை வரிசையாக அடுக்கி வைத்தார். ஒரு வேலையைப் பல சிறு படிகளாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மட்டும் ஒவ்வொரு பாகத்திலும் பார்ப்பவரை நோக்கி இருக்க வேண்டிய பக்கத்தில் வண்ணம் பூசிக் கொடுத்தார். வண்ணம் பூசிய பாகங்களை வைத்துப் பழகியவர்கள் விரைவாகக் கற்றார்கள். ஒருவர் கற்கவில்லை என்றால் அவரைக் குறை சொல்லாமல் இன்னொரு வழியில் கற்றுக்கொடுத்துப் பார்ப்பதே அவருடைய கொள்கை.

இதை நம் வீட்டில் ஒளுவுக்குப் பொருத்திப் பார்ப்போம். "போய் ஒளு செய்து வா" என்பது நமக்கு ஒரே சொல். அந்தப் பிள்ளைக்கு அதில் பத்துப் பன்னிரண்டு வேலைகள் இருக்கின்றன. குழாயைத் திற, மணிக்கட்டு வரை கழுவு, வாய் கொப்பளி, மூக்கைச் சுத்தம் செய், முகம், வலது கை, இடது கை, தலை, காது, வலது கால், இடது கால், குழாயை மூடு. ஒரு வாரத்துக்கு ஓரிரு படிகள் போதும். முழங்கை வரை கழுவ வேண்டும் என்பது புரியாவிட்டால் முழங்கையில் ஒரு வண்ண ரப்பர் வளையம் போட்டு, "இது நனைகிற வரை" என்று காட்டலாம். பழகியதும் வளையத்தை எடுத்துவிடலாம். குழாய்க்கு மேலே படிகளை வரிசையாக வரைந்து ஒட்டினால், நாம் பக்கத்தில் நின்று கத்த வேண்டிய அவசியம் இருக்காது.

சட்டைப் பொத்தான் போடுவது, கடையில் சில்லறை எண்ணி வாங்குவது, பேருந்தில் தன் ஊர் பெயர் சொல்லிச் சீட்டு வாங்குவது எல்லாவற்றுக்கும் இதே வழிதான். சில வேலைகளில் கடைசிப் படியிலிருந்து தொடங்குவது நல்லது. நான்கு பொத்தான்களை நாம் போட்டுவிட்டு ஐந்தாவதைப் பிள்ளையைப் போட விடுங்கள். "நான் முடித்தேன்" என்ற சந்தோஷம் முதல் நாளே கிடைக்கும்.

2. வாசிக்க வராது என்று முடிவு கட்டாதே

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜில் அல்லோர் தலைமையிலான குழு ஓர் ஆய்வு நடத்தி 2014-ல் முடிவை வெளியிட்டது. நுண்ணறிவு ஈவு 40 முதல் 80 வரை இருந்த 141 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான பாடம், மறுபகுதியினருக்குத் தினமும் 40 முதல் 50 நிமிடம், ஒன்று முதல் நான்கு பேர் கொண்ட சிறு குழுவில் முறையான வாசிப்புப் பயிற்சி. நான்கு ஆண்டுகள் வரை இது நடந்தது. பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள்.

ஆனால் வேகம் குறைவு. மற்றப் பிள்ளைகள் ஒரே ஆண்டில் எட்டும் நிலையை எட்ட இவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் ஆயின. நம் பெற்றோர்கள் மனதில் நிறுத்த வேண்டியது இதைத்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டு "வரவில்லை" என்று நிறுத்தினால், வரவிருந்ததை நாமே தடுத்தவர்களாகிவிடுவோம். எல்லாப் பிள்ளையும் புத்தகம் வாசிக்கும் என்று நாம் ஆசை காட்டவில்லை. சிலருக்குத் தன் பெயரையும், பேருந்துப் பலகையையும், மருந்துச் சீட்டில் "காலை, இரவு" என்பதையும் வாசிக்கத் தெரிந்தால் அதுவே பெரிய சுதந்திரம்.

3. குழப்பும் எழுத்துகளைப் பிரித்து வை

அறிவுக் கூர்மைக்குக் குறையில்லை, பேச்சும் நன்றாக இருக்கிறது, எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்ற பிள்ளைகள் உண்டு. இதை டிஸ்லெக்சியா என்கிறார்கள். கற்றல் குறைபாடுகளில் ஒன்று. சோம்பலோ திமிரோ அல்ல. நம் மதரஸாவில் நின்ற பையனும் இந்த வகையைச் சேர்ந்தவனே என்று பிறகு பரிசோதனையில் தெரிந்தது.

நம் பிள்ளைகளின் நிலையைச் சற்று யோசித்துப் பாருங்கள். காலையில் அரபு, பள்ளிக்கூடத்தில் தமிழும் ஆங்கிலமும். மூன்று எழுத்து முறைகள். அரபு வலமிருந்து இடம், மற்ற இரண்டும் இடமிருந்து வலம். தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் எழுத்தின் இருபுறமும் குறி. ந, ன, ண என்றும், ல, ள, ழ என்றும், ர, ற என்றும் காதுக்கு நெருங்கிய எழுத்துகள். அரபியிலோ பா, தா, ஸா மூன்றுக்கும் ஒரே தொட்டில் வடிவம். கீழே ஒரு புள்ளி பா, மேலே இரண்டு தா, மேலே மூன்று ஸா. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் நூனும் யாவும் அதே வடிவத்தில் சேர்ந்துகொள்ளும். சாதாரணப் பிள்ளை இதைத் தாண்டிவிடும். இந்தப் பிள்ளை புள்ளிகளுக்குள் தொலைந்து போகும்.

ஒன்றுபோல் தெரிகிற, ஒன்றுபோல் ஒலிக்கிற எழுத்துகளை ஒரே நாளில் கற்பிக்க வேண்டாம் என்பதே கல்வியாளர்களின் ஆலோசனை. நம் ஆரம்பப் பாடநூலில் பா, தா, ஸா அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த வரிசையை இந்தப் பிள்ளைக்காக மாற்றிக்கொள்வதில் குற்றமில்லை. முதலில் பா. அது நன்றாகப் பதிந்தபின் வடிவமே வேறான மீம், லாம். பிறகு தா. பல நாள் கழித்து ஸா. அதுபோல் தமிழில் 'ன' உறுதியான பின்பே 'ண' வரட்டும்.

ஒலியையும் எழுத்தையும் இணைத்து, சிறிது சிறிதாக, ஒழுங்கான வரிசையில் கற்பிப்பது பலன் தரும் என்பதில் ஆராய்ச்சிகள் ஒத்துப் போகின்றன. தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொல்வது பிள்ளைக்குப் பிடிக்கும், உதவியும் செய்யும். ஆனால் மணலே மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதினால்தான் பயன்.

4. கேள், காத்திரு, பிறகு சொல்

கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளிடமும் நன்கு சோதிக்கப்பட்ட எளிய முறை இது. புதிய சொல்லையோ எழுத்தையோ காட்டியவுடன் நாமே விடையைச் சொல்லிப் பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வைக்கிறோம். சில முறை இப்படிச் செய்த பிறகு, காட்டிவிட்டு நான்கு ஐந்து வினாடி பேசாமல் காத்திருக்கிறோம். சொன்னால் பாராட்டு. சொல்லாவிட்டால் திட்டாமல் நாமே விடையைச் சொல்லி மீண்டும் சொல்ல வைக்கிறோம். பிள்ளை தவறான விடையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவதை இது குறைக்கிறது.

நாமோ கேட்ட மறுவினாடியே "தெரியாதா?" என்று அதட்டுகிறோம். அந்த ஐந்து வினாடிப் பொறுமையை வாங்கக் காசு தேவையில்லை. ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, பத்து நிமிடமாகப் பிரித்துப் பல நாள் திரும்பக் கேட்பது நினைவில் அதிகம் நிற்கும் என்பதும் உறுதியான முடிவு.

5. பிள்ளைக்குப் பிள்ளை ஆசிரியர்

சக மாணவர் கற்பிக்கும் முறை இருவருக்குமே பயன் தருகிறது. இது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறைதான் இது. 1789-ல் சென்னையில் ஆண் ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை நடத்தி 1797-ல் இங்கிலாந்தில் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது அங்கு பரவியது. மதரஸாக்களில் மூத்த மாணவர் இளையவருக்குச் சபக் கேட்பதும் இதே வழக்கம்தான். பொறுமையுள்ள ஒரு மாணவனைத் தேர்ந்து இந்தப் பிள்ளைக்கு அருகில் உட்கார வைத்தால், ஹஜ்ரத்தின் சுமையும் குறையும், கேலியும் குறையும்.

6. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது

காது கேளாத பிள்ளைகளுக்குப் பொருத்தும் காக்ளியர் கருவி பற்றி அமெரிக்காவில் அனு சர்மா செய்த ஆய்வுகள், மூன்றரை வயதுக்கு முன் பொருத்தப்பட்டவர்களின் மூளை ஒலிகளை மிக நன்றாக ஏற்கிறது என்று காட்டின. ஏழு வயதுக்கு மேல் பலன் மிகவும் குறைகிறது. "எங்க குடும்பத்தில் எல்லாரும் லேட்டாத்தான் பேசினாங்க" என்று காத்திருப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சை வசதி இருக்கிறது.

தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் இயங்குகிறது. அதை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்த அமைப்பின் பணியாளர்கள் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, சிறு வயதிலேயே பிள்ளைக்குப் பயிற்சி தருவதோடு தாய்க்கும் அதைக் கற்றுத் தருகிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் வரும் பணியாளரைவிட, நாள் முழுதும் கூட இருக்கும் தாயே பெரிய ஆசிரியை. நம் பகுதியில் அத்தா வெளிநாட்டில் இருக்க, தாய் தனியாகச் சுமக்கும் வீடுகள் அதிகம். அந்தத் தாய்க்குத் துணை நிற்பதும் பிள்ளைக்குக் கற்பிப்பதும் ஒரே வேலைதான்.

சட்டம் தரும் உரிமை

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும், ஆட்டிசமும் அதில் அடங்கும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள, 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடம் ஒதுக்க வேண்டும். "உங்கள் பிள்ளையைச் சேர்க்க முடியாது" என்று எந்தப் பள்ளியாவது சொன்னால் தலைகுனிந்து திரும்பி வராதீர்கள். எழுத்தில் தரும்படி கேளுங்கள், நம்மிடமும் தெரிவியுங்கள்.

பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் குறைபாட்டின் தன்மையைப் பொறுத்துக் கிடைக்கும். அதற்கு மருத்துவச் சான்று தேவை. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய பின் அலைவதில் பயனில்லை.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: ஒன்றிய அளவில் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்கும் ஏற்பாடும் அரசுத் திட்டத்தில் உண்டு. தேசிய அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். நம் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்று தனித் துறை இயங்குகிறது. வெளியூர்ப் பிள்ளைகள் இங்கு வந்து அந்தப் படிப்பைப் படித்து ஆசிரியர்களாகிறார்கள். ஆசிரியப் பணியை விரும்பும் நம் பெண்பிள்ளைகள் இதையும் நினைத்துப் பார்க்கலாம். ஊருக்குள் ஒரு சிறப்பு ஆசிரியை உருவானால் எத்தனை வீடுகளுக்கு நிம்மதி!

நாம் செய்ய நினைப்பவை

அந்தப் பையனின் கதையைப் பாதியில் விட்டோம். அவனுடைய அம்மா கேட்ட கேள்வி எங்களை விடவில்லை. ஒரு சிறப்பு ஆசிரியரை அழைத்து வந்து மதரஸாவில் உட்கார வைத்தோம். அவர் அரபு அறியாதவர். ஆனாலும், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "மூன்று எழுத்தையும் ஒரே நாளில் ஏன் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். அன்று முதல் வரிசையை மாற்றினோம். பிரம்பை எடுத்து உள்ளே வைத்தோம். அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. அல்ஹம்து சூராவை எழுத்துக் கூட்டிப் பார்த்து ஓத அவனுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. இன்றும் மெதுவாகத்தான் ஓதுகிறான். ஓதி முடித்த அன்று அவனுடைய அம்மா மதரஸாவுக்கு நேர்ச்சை சோறு கொடுத்துவிட்டார். அந்த மூன்று வருடத்தை அவனுக்குத் திருப்பித் தர எங்களால் முடியாது.

அவனுக்கு முன்பு இப்படி எத்தனை பேரை அனுப்பினோம் என்ற கணக்கும் எங்களிடம் இல்லை. இனி இருக்க வேண்டும் என்பதால், இன்ஷா அல்லாஹ், வரும் மாதங்களில் மூன்று காரியங்களைச் செய்ய முடிவெடுத்திருக்கிறோம்.

ஒன்று: மஹல்லாவில் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் போகாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் விவரத்தைப் பெண்கள் குழு மூலம் மட்டும் திரட்டுவோம். பெயர்கள் வெளியே வராது. தங்கையின் நிக்காஹ் பேச்சு தடைப்படும் என்று அஞ்சிப் பெண்பிள்ளையை உள் அறையில் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு என்பதை அறிவோம். அந்த அச்சத்தை உண்டாக்கியது சம்பந்தம் பேசப் போகும் நாம்தான். அதைத் தீர்க்க வேண்டியவர்களும் நாமே.

இரண்டு: மதரஸா ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. இனி எந்தப் பிள்ளையையும் "படிப்பு ஏறாது" என்று சொல்லி அனுப்புவதில்லை. அப்படித் தோன்றினால் முதலில் காதும் கண்ணும் பரிசோதிக்கப்படும். சரியாகக் கேட்காததாலும் பலகை தெரியாததாலும் பின்தங்கும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

மூன்று: பரிசோதனைக்கும் பயணத்துக்கும் வசதியில்லாத குடும்பங்கள் ஜகாத் பெறத் தகுதியுடையவர்களாக இருந்தால் அதிலிருந்தும், மற்றவர்களுக்குப் பொது நன்கொடையிலிருந்தும் உதவுவோம். நாற்காலி வண்டி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நம் கடமை முடிந்தது என்று இதுவரை இருந்துவிட்டோம். இனி அந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் இருக்கிறது என்றும் கேட்போம்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். வர முடியாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், பெண்கள் குழுவினர் வீட்டுக்கு வருவார்கள். இன்றிரவு உங்களால் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயன்தரும் கல்வியைத் தருவானாக. நமக்குப் பொறுமையைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்